சுற்றுலா விசாவில் ஒரு மறியல்

உகாண்டாவுக்கா? சரியான ஆளைத்தான் கேட்டிருக்கிறீர்கள் சார். உட்காருங்கள். ஊசி போட்டாயிற்றா? அப்படியானால் எப்படியும் அரை மணி நேரம் இந்தப் பெஞ்சில் இருந்துதான் ஆக வேண்டும். மயக்கம் வருகிறதா, உடம்பில் தடிப்பு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள்.

நான் போட்டு ஏழு மாதம் ஆகிறது. ஒரு தரம் போட்டால் ஆயுசுக்கும் போதும். இன்றைக்கு என் மனைவிக்காக வந்தேன். பூங்காவனம் என்று பெயர். அதோ, அந்தக் கதவுக்கு உள்ளே வரிசையில் இருக்கிறாள். ராணிப்பேட்டையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தோம். எங்கள் மகளுக்கு அங்கே அடுத்த மாதம் பிரசவம். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து.

நானும் போகிறேனா என்று கேட்கிறீர்கள். அதுதான் தெரியவில்லை. என் விசா மனுவில் ஒரே ஒரு கேள்விக்கு இன்னும் பதில் எழுதவில்லை. அவள் ஊசி போட்டுக்கொண்டு வெளியே வருவதற்குள் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறாள். எழுதாவிட்டால் அவள் மட்டும் போவாள். எழுதலாம், எழுதலாம். முதலில் உங்கள் சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன்.

பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக வேண்டும். புகைப்படத்துக்குப் பின்னால் வெள்ளையாக இருக்க வேண்டும். இங்கே கொடுக்கிறார்களே, மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டதற்கான மஞ்சள் புத்தகம், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் ஒன்றும் நடக்காது. விசா மனுவோடும் கேட்பார்கள், விமானத்தை விட்டு இறங்கியதும் கேட்பார்கள். திரும்பி வரும் டிக்கெட் வேண்டும். தங்குகிற இடம் ஓட்டலானால் பதிவு செய்த சீட்டு, உறவினர் வீடானால் அவர்களுடைய அழைப்புக் கடிதம். எல்லாம் கம்ப்யூட்டரில்தான். தூதரகத்துக்கு அலைய வேண்டாம். கட்டணம் டாலரில். கட்டினால் கட்டியதுதான், விசா கிடைக்காவிட்டாலும் திரும்பி வராது.

அப்புறம் 'வரும் நோக்கம்' என்று ஒரு கேள்வி இருக்கும். நீங்கள் எதற்குப் போகிறீர்கள்? குரங்கு பார்க்கவா? சரி சரி, கொரில்லா. அதற்குத் தனியாக ஓர் அனுமதி வாங்க வேண்டுமாமே. மனிதர்களைப் பார்க்க ஒரு அனுமதி போதும், குரங்கைப் பார்க்க இரண்டு. கோபித்துக்கொள்ளாதீர்கள் சார், என் வாய் அப்படி. நோக்கம் என்ற இடத்தில் சுற்றுலா என்று போடுங்கள். போட்டுவிட்டால் சுற்றுலா மட்டும்தான் செய்ய வேண்டும். சிரிக்கிறீர்கள். எனக்கு வந்த வினையே அதில்தான்.

உங்களுக்கு என்னைத் தெரிய நியாயமில்லை. ராணிப்பேட்டைப் பக்கம் வந்தால் தோழர் மாசிலாமணி என்று கேட்டுப் பாருங்கள். தோல் பதனிடும் தொழிற்சாலையில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவன். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. மற்றதெல்லாம் சங்கத்தின் துண்டறிக்கையிலும் சிறு வெளியீட்டிலும் படித்தது. ஆப்பிரிக்காவைப் பற்றி எட்டணா விலையில், தமிழும் ஆங்கிலமுமாக ஒரு வெளியீடு போட்டார்கள். அட்டையில் சங்கிலியை உடைக்கிற இரண்டு கை. அதை எத்தனை தரம் படித்திருப்பேன். கேட்டால் இப்போதும் பாதியை ஒப்பிப்பேன். அதனால் மகள் அழைத்தபோது புது நாட்டுக்குப் போகிற நினைப்பே எனக்கு இல்லை. என் ஆட்களைப் பார்க்கப் போகிறேன் என்றுதான் நினைத்தேன்.

பாஸ்போர்ட் கிடைக்குமா என்பதுதான் சந்தேகம். என் மேல் இருந்த வழக்குகள் அப்படி. மறியல், தடையை மீறிய ஊர்வலம், அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தது. வேலூர்ச் சிறையில் நான் பார்க்காத கொட்டடி இல்லை. விசாரணைக்கு ஒரு இளம் போலீஸ்காரர் வந்தார். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் எழுதவே இல்லை. "பெரியவரே, ஸ்டேஷன்ல உங்க பேர்ல ஒண்ணுமே இல்ல. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க, நான் கெளம்பணும்" என்றார். ஒன்றுமே இல்லையாம். என் பெயரைச் சொல்லி எத்தனை இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்த ஸ்டேஷன் அது. பூங்காவனம் சந்தோஷப்பட்டுப் பாயசம் வைத்தாள். எனக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

மகள் பெயர் வாலண்டினா. விண்வெளிக்குப் போன முதல் பெண், ரஷ்யாக்காரி, அவள் பெயர்; உங்கள் வயதுக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. மருமகன் தணிகைவேல் ஜிஞ்சா என்ற ஊரில் பிளாஸ்டிக் குடமும் வாளியும் செய்கிற தொழிற்சாலையில் உற்பத்தி மேலாளர். முதலாளி இந்தியர். தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே வீடு. பூங்காவனத்துக்கு அப்போது பாஸ்போர்ட் இல்லை. "மொதல்ல நீ போய்ட்டு வா" என்று என்னை மட்டும் அனுப்பினாள். ஆமாம், அவள் என்னை நீ என்றுதான் சொல்வாள். நாங்கள் தாலி இல்லாமல் மேடையில் மாலை மாற்றிக்கொண்டவர்கள். நான்தான் அப்படிக் கூப்பிடச் சொன்னேன். இப்போது அனுபவிக்கிறேன்.

அங்கே விமான நிலையத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார், முத்திரை குத்துகிற அதிகாரி. "நல்வரவு, ம்ஸே" என்றார். ம்ஸே என்றால் அங்கே பெரியவருக்குச் சொல்கிற மரியாதை வார்த்தை. நம் ஊரில் என்னை அப்படி மதித்து யாரும் பேசி எவ்வளவு காலமாகிவிட்டது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது சார்.

வீட்டுக்குப் போய் உட்கார்ந்ததும் மகள் ஆரம்பித்தாள். "அப்பா, இது டூரிஸ்ட் விசா. நதியப் பாரு, அருவியப் பாரு, நல்லா சாப்புடு, தூங்கு. சங்கம், கூட்டம்னு எதுக்கும் போவாத. அதுக்கு இந்த விசாவுல எடம் இல்ல. எங்களுக்கு இங்க இருக்க அனுமதியே வருசா வருசம் வாங்கறது."

"உன் கம்பெனியில சங்கம் இருக்கா?" என்று மருமகனைக் கேட்டேன்.

"இருக்குது மாமா. வாஸ்வான்னு ஒருத்தர் செயலாளர். நல்ல மனுசன்."

"மேலாளர் நல்ல மனுசன்னு சொல்ற செயலாளர் எப்படிப்பட்டவருன்னு எனக்குத் தெரியாதா?"

தணிகைவேல் குழம்பை ஊற்றிக்கொண்டான். மறுநாள் அந்த வாஸ்வாவைப் பார்த்தேன். பருத்த உடம்பு, சட்டைப் பையில் பேனா, மருமகன் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பே போதுமானதாக இருந்தது எனக்கு. முதலாளி வைத்த ஆள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

இரண்டு வாரம் மகள் சொன்னபடி சுற்றுலாப் பயணியாகத்தான் இருந்தேன். நதியைப் பார்த்தேன். நைல் அங்கேதான் ஏரியை விட்டுப் புறப்படுகிறது. படகில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் வேடிக்கை பார்த்துப் பழகாதவன் சார்.

மூன்றாவது வாரம் ஒரு திங்கட்கிழமை காலை. வேட்டி கட்டி, சிவப்புத் துண்டு போட்டுக்கொண்டு நடந்துவரப் புறப்பட்டேன். தொழிற்சாலை வாயில் முன்னால் முந்நூறு பேர். கேட் பூட்டியிருக்கிறது. உள்ளே காவலாளி கையில் தடி. வெளியே ஆணும் பெண்ணும் கையில் காகிதத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கத்துகிறார்கள். நீங்களே சொல்லுங்கள், பார்த்தால் என்ன தோன்றும்? உங்களுக்கு என்ன தோன்றுமோ தெரியாது. எனக்கு ஒன்றுதான் தோன்றும். வேலைநிறுத்தம், பதிலுக்குக் கதவடைப்பு. கையில் இருப்பது கோரிக்கை மனு.

நான் கடைசியாக ராணிப்பேட்டையில் பேசிய வாயில் கூட்டத்தில் மைக் செட் போட்டவரையும் சேர்த்து ஏழு பேர். இங்கே முந்நூறு பேர், தலைவர் இல்லாமல் நிற்கிறார்கள். கால் தானாகவே போய்விட்டது. சாலையோரம் ஒரு சிமெண்டுத் திண்டு இருந்தது. ஏறினேன். கையை உயர்த்தினேன். "தோழர்களே!" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் பிரசுரத்து ஆங்கிலம். ஒன்றுபடுங்கள், பிளவுபடாதீர்கள், ஒருவரும் உள்ளே போகாதீர்கள். எட்டணா வெளியீட்டிலிருந்து இரண்டு பக்கம் சொன்னேன். முழுக் கூட்டமும் என் பக்கம் திரும்பியது சார். கைதட்டினார்கள். தெருவில் நின்று பிரசங்கம் செய்கிற ஒரு போதகர் என்று என்னை நினைத்தார்களாம். பிற்பாடு மருமகன் சொன்னான். நான், சாமி கும்பிடாதவன். ஆனால் அந்த நேரத்துக்குக் கைதட்டல் கைதட்டல்தானே.

அதற்குள் காவலாளி கேட்டைக் கொஞ்சம் திறந்து ஒரு பெயரைக் கூப்பிட்டான். ஒருவன் உள்ளே போக ஓடினான். கருங்காலி என்று நினைத்தேன். இறங்கி ஓடினேன். திறந்த கேட்டுக்குக் குறுக்கே மல்லாந்து படுத்துவிட்டேன். இந்த வயதில். முதுகு இன்னும் வலிக்கிறது.

ஓடிவந்தவன் நின்றுவிட்டான். வெள்ளைத் தலைக்காரனைத் தாண்டிக் கால் வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், சலவை செய்த சட்டை, கையில் கண்ணாடிக் காகித உறைக்குள் பள்ளிச் சான்றிதழ். குனிந்து என்னிடம் ரொம்பத் தணிவாகக் கேட்டாள். "ம்ஸே, நீங்களும் வேலை கேட்டுத்தான் வந்தீர்களா? வரிசை அந்தப் பக்கமிருந்து வருகிறது."

அவ்வளவுதான். அவர்கள் வேலையை நிறுத்தியவர்கள் இல்லை. வேலை கேட்டு வந்தவர்கள். அன்றைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று விடிவதற்கு முன்பே வந்து நின்றவர்கள்.

பிறகு என்ன, போலீஸ் வந்தது. வண்டியில் ஏற்றினார்கள். கம்பெனி அன்றைக்கு ஆள் எடுப்பதை நிறுத்திக் கேட்டை மூடிவிட்டது. முதலாளி புத்தி. காரணம் எப்போது கிடைக்கும் என்று காத்துக்கொண்டிருப்பார்கள்.

என்ன கேட்கிறீர்கள்? அந்தப் பெண் கேட்டதற்கும் போலீஸ் வந்ததற்கும் இடையிலா? கொஞ்ச நேரம் இருக்கும். நன்றாகவே நேரம் ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் படுத்துத்தான் இருந்தேன். ஏன் சார் அப்படிப் பார்க்கிறீர்கள்? மறியலில் படுத்தவன் தானாக எழுந்து தூசி தட்டிக்கொண்டு போன வழக்கம் உண்டா? போலீஸ் வந்துதான் தூக்க வேண்டும். முந்நூறு பேர் சுற்றி நின்று பார்க்கிறார்கள். இப்போதுதான் எனக்காகக் கைதட்டியவர்கள். எழுந்து என்ன சொல்வது? கண்ணை மூடிக்கொண்டேன். காவலாளி கெஞ்சினான். ஒரு பெண் விசும்புகிற சத்தம் கேட்டது. அந்தப் பெண்ணாகத்தான் இருக்குமா, தெரியாது. நான் கண்ணைத் திறக்கவில்லை.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பூங்காவனத்துக்கும் தெரியாது. தவறாக நினைத்துவிட்டேன் என்பது வரைதான் அவளுக்குத் தெரியும். மகள் போனில் சொல்லிவிட்டாள். உங்களிடம் எப்படியோ வாயில் வந்துவிட்டது.

குடியேற்ற அலுவலகத்தில் என்னை மரியாதையாகத்தான் நடத்தினார்கள். தேநீர் கொடுத்தார்கள். மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "ம்ஸே, இதில் சுற்றுலா என்று இருக்கிறது. வாயிலில் படுப்பது எந்த வகைச் சுற்றுலா?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த வாஸ்வாவும் வந்திருந்தார், சங்கச் செயலாளர். எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் எனக்காகப் பேசினார் சார். வயதானவர், நல்லெண்ணத்தில் செய்தது, விட்டுவிடுங்கள் என்றார். அப்புறம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தோழரே, புதிதாக நாற்பது பேரை நிரந்தரமாக எடுக்க வேண்டும் என்று ஒரு வருடம் பேசி வாங்கினோம். அதற்குத்தான் இன்று பெயர் கூப்பிட்டார்கள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். தவறாக நினைத்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள், எச்சரித்து அனுப்பிவிடுகிறேன் என்றார்.

இங்கேதான் சார் உங்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தபோது கம்பெனி ஐம்பது பேரை நீக்கியது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தவர்களுக்கு மறுநாளே வேலை. இப்படித்தான் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார்கள். ஒவ்வொருவராக எழுதினார்கள். நான் எழுதவில்லை. அதன்பிறகு எனக்கு எந்தக் கம்பெனியிலும் வேலை இல்லை. பூங்காவனம் பீடி சுற்றித்தான் குடும்பம் நடந்தது. சிறையிலும் மன்னிப்பு எழுதினால் விடுதலை என்றார்கள். எழுதவில்லை. என் வாழ்க்கையில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேறு ஒன்றும் கிடையாது சார். சொத்து இல்லை, பதவி இல்லை. மாசிலாமணி மன்னிப்பு எழுதிக் கொடுத்ததில்லை. அது ஒன்றுதான்.

அதனால் அந்தத் தாளைப் பார்த்ததும் எழுந்து நின்றேன். "நான் செய்ததற்காக வருந்தவில்லை, எழுதித் தர மாட்டேன்" என்றேன். நல்ல குரலில்தான் சொன்னேன்.

மகள் என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனாள். "அப்பா, இது ஜெயில் இல்லப்பா. இவரு மொதலாளி இல்ல. தப்பா நெனச்சிட்டேன்னு ஒரு வரி. அது நெசந்தான? நெசத்த எழுதறதுக்கு இன்னா?" என்று அழுதாள். அப்போது அவள் வயிற்றில் இரண்டு மாதம். எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கேக் வாங்கி வைத்துச் சொல்ல நினைத்திருந்தாளாம். நான் அதற்குள் ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். விசாவை ரத்து செய்து அனுப்பிவிட்டார்கள். விமானம் ஏறுகிறவரை மருமகன் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தான்.

ஊரில் இறங்கினால் பஸ் நிலையத்தில் சுவரொட்டி. ஆப்பிரிக்க மண்ணில் தொழிலாளர்களுக்காகப் போராடி நாடு கடத்தப்பட்ட தோழர் மாசிலாமணிக்கு வீர வரவேற்பு. நான் சொல்லி ஒட்டியதில்லை. நாடு கடத்திவிட்டார்கள் என்று மட்டும்தான் சங்கத்துக்குப் போனில் சொன்னேன். மேடை போட்டு சால்வை போர்த்தினார்கள். நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். எத்தனை வருடத்துக்கு அப்புறம் நூறு பேர்! நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை, சார். எத்தனை பேர் திரண்டார்கள் என்று கேட்டார்கள். முந்நூறு என்றேன். அது உண்மைதானே? ஒருவராவது உள்ளே போனாரா என்றார்கள். ஒருவரும் போகவில்லை என்றேன். அதுவும் உண்மைதான்.

வீட்டுக்கு வந்ததும் பூங்காவனம் சால்வையை மடித்துக்கொண்டே, "இத இன்னா பண்றது? போத்திக்கறியா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

இப்போது சங்கத்தில் ஒரு சிறு வெளியீடு போடுகிறார்கள், என் ஆப்பிரிக்கப் போராட்டத்தைப் பற்றி. வரும் ஞாயிற்றுக்கிழமை வெளியீட்டு விழா. வேண்டாம் என்று சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். எங்கள் சங்கச் செயலாளர் வீட்டுக்குப் போவேன், காபி குடித்துவிட்டுத் திரும்பி வருவேன்.

அந்த நாற்பது வேலை என்ன ஆனது என்றா கேட்டீர்கள்? ஒரு மாதம் கழித்து மகள் சொன்னாள். வாயிலில் கலவரம், இனிமேல் நேரடியாக ஆள் எடுக்க முடியாது என்று சொல்லி, நாற்பது இடத்துக்கும் ஒப்பந்தக்காரர் மூலம் ஆள் எடுத்துவிட்டார்களாம். நாள் கூலிக்கு. ஒப்பந்த முறையை ஒழிக்க வேண்டும் என்று நான் எத்தனை வாயிலில் பேசியிருக்கிறேன் தெரியுமா சார்? தொண்டையில் ரத்தம் வரப் பேசியிருக்கிறேன்.

மனுவில் இருக்கிற கேள்வி என்னவென்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். இதற்கு முன் இந்த நாட்டிலிருந்து அனுப்பப்பட்டிருக்கிறீர்களா, ஆம் என்றால் காரணம் என்ன. மருமகன் போய் அந்த அதிகாரியைப் பார்த்திருக்கிறான். அன்று எழுதாததை இப்போது எழுதினால் பரிசீலிக்கிறோம் என்றாராம். எழுதி எடுத்துக்கொண்டு போனால் இங்கே மவுண்ட் ரோட்டில் ஏஜெண்ட் ஆங்கிலத்தில் போட்டு அனுப்பிவிடுவார். பஸ்ஸில் வரும்போது பூங்காவனம் சொன்னாள். "அன்னிக்கு நீ எழுதல, நான் பீடி சுத்தனேன், ஒரு வார்த்த கேட்டனா? நீ செஞ்சது சரின்னு எனக்கும் தெரியும். இன்னிக்கு எதுக்கு எழுதாம கீற? யாருக்காவ?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வாலண்டினா நேற்றும் போன் செய்தாள். நான் பேசவில்லை. பூங்காவனம் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். "அப்பா வருதாம்மா?" என்றுதான் கேட்டாள்.

இதோ, வந்துவிட்டாள். உட்கார் பூங்காவனம். வலிக்கிறதா? இவர் உகாண்டாவுக்குக் குரங்கு பார்க்கப் போகிறார். கொரில்லா, கொரில்லா. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்தவராம்.

எழுதிட்டியா என்று கேட்கிறாள். இல்லை. எழுதவில்லை.

சார், உங்களிடம் பேனா இருக்கிறதா? எனக்குக் கையெழுத்து சரியாக வராது. நான் சொல்கிறேன், நீங்கள் எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், ஏஜெண்ட் பார்த்துக்கொள்வார். 'சில சூழ்நிலைகளின் காரணமாக ஏற்பட்ட'... வேண்டாம், அடித்துவிடுங்கள். அது கம்பெனிக்காரன் பேசுகிற மாதிரி இருக்கிறது. இப்படி எழுதுங்கள். 'வேலை கேட்டு நின்றவர்களை, வேலைநிறுத்தம் செய்கிறவர்கள் என்று தவறாக நினைத்து, வாயிலில் மறியல் செய்தேன்.' எழுதிவிட்டீர்களா?

போதும் என்கிறீர்கள். அவர்கள் கேட்டதற்குப் பதில் இதுதான் என்கிறீர்கள். ஆமாம், இது போதும். இதற்கு விசா கொடுத்துவிடுவார்கள்.

பூங்காவனம், என்ன அழுகிறாய்? அதுதான் எழுதியாயிற்றே.

சார், பேனாவை மூடாதீர்கள். இன்னும் ஒன்று இருக்கிறது. கேட்கவில்லைதான். எழுதினால் கெடுதலாகவும் போகலாம், தெரியும். நீங்கள் எழுதுங்கள். 'அவர்கள் யார் என்று தெரிந்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. போலீஸ் வந்து தூக்கும்வரை படுத்திருந்தேன். அதனால் நாற்பது பேருக்குக் கிடைக்க வேண்டிய வேலை கிடைக்காமல் போனது.' இல்லை சார், மாற்றாதீர்கள். நான் சொன்ன மாதிரியே இருக்கட்டும்.

அப்படிப் பார்க்காதே பூங்காவனம். ஆமாம். தெரிந்த பிறகும்தான்.

எங்கே சார், ஒரு தரம் படித்துக் காட்டுங்கள். கொஞ்சம் மெல்லமாகப் படியுங்கள். அந்த ஓரத்தில் இருக்கிறவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள் போலிருக்கிறது, பேச்சு காதில் விழுந்தது.

இல்லை, சத்தமாகப் படிக்கச் சொல்கிறாள்.

படியுங்கள் சார்.